ஓடு உடைஞ்சா என்ன, பத்தியம் உடையாமப் பாரு!

ஏ தாயி, அந்தப் போனைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு போயிக் காட்டு. ம்... பாத்தாச்சு. பூசணிக் கலவையை ஊத்திச் சுடுற பைக்கு நீ செஞ்ச மாவு ஓடு. நாலு எடத்துல விரிசல், நடுவுல ஒரு ஓட்டை. இதுக்குப் போயி கண்ணுல தண்ணி விடுவாகளா? டெக்சாஸ்ல வீடு வாங்கினவ, நூறு பேரை ஆபீஸ்ல மேய்க்கிறவ, ஒரு பிடி மாவு சொன்ன பேச்சு கேக்கலைன்னதும் கோவில்பட்டிக்குப் போன் போடுற. போடு, போடு. வேற எதுக்குத் தாத்தன் இருக்கேன்?

முதல்லயே ஒண்ணைச் சொல்லிடுறேன். நான் ஆயுசுல மாவு பிசைஞ்சவன் இல்ல. உங்க அப்பத்தா பிசையுறதைத் திண்ணையில உக்காந்து பாத்தவன். சிரிக்காத. வேலை செய்றவளுக்கு மாவைப் பாக்கத்தான் நேரம் இருக்கும். சும்மா இருக்கிறவனுக்குத்தான் வேலையில இருக்கிற நுணுக்கமெல்லாம் கண்ணுல படும். அப்பத்தாளும் இந்தா பக்கத்துலதான் இருக்கா. நான் தப்பாச் சொன்னா இருமுவா. இருமல் வராத வரைக்கும் நான் சொல்றது சரின்னு வச்சுக்க.

சரி, விசயத்துக்கு வருவோம். நவம்பர் மாசம் நாலாவது வியாழன் உங்க ஊர்ல தேங்க்ஸ்கிவிங். 1863ல ஆபிரகாம் லிங்கன் அறிவிச்சாரு. 1941ல அவுக காங்கிரஸ் நாலாவது வியாழன்னு சட்டமே போட்டிருச்சு. அந்தத் திருநாள் வேணும், வேணும்னு ஜனாதிபதி மாறி ஜனாதிபதிக்குக் கடுதாசி போட்டவ சாரா ஜோசஃபா ஹேல்னு ஒரு பத்திரிகை ஆசிரியை. நீ எல்.கே.ஜி.யில பாடினியே மேரியோட ஆட்டுக்குட்டிப் பாட்டு, அதை எழுதினதும் அந்த அம்மாதான். அவ 1827ல எழுதின நாவல்லயே தேங்க்ஸ்கிவிங் விருந்தை வர்ணிச்சு, பூசணிப் பையைத் தவிர்க்கக் கூடாத பண்டம்னு எழுதி வச்சிட்டுப் போயிட்டா. அன்னைக்கு வான்கோழி கருகினாக்கூட மன்னிப்பாக. பூசணிப் பை இல்லைன்னா மன்னிக்க மாட்டாக. இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்பிடித் தெரியும்னு முழிக்காத. போன்ல நீங்க படம் பாக்குறீக, நான் படிக்கிறேன்.

இந்த வருசம் உனக்கு வந்த வம்பு என்னன்னா, விருந்தாளி ரெண்டு பேரு கோதுமை வேணாங்கிறாக. உன் ஆபீஸ் சிநேகிதிக்கு சீலியாக். அவ கூட வர்ற பையனுக்கு சீலியாக் இல்ல, இன்ஸ்டாகிராம். ஒருத்திக்கு ஆகாது, ஒருத்தனுக்குப் பிடிக்காது. ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சிராத. அது கெடக்கட்டும், முதல்ல உன் ஓட்டைப் பாப்போம்.

கோதுமையில குளூட்டெனின், கிளையடின்னு ரெண்டு வகைப் புரதம் இருக்கு. தண்ணி பட்டுப் பிசைய ஆரம்பிச்சதும் ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டு வலையாயிரும். அந்த வலைதான் குளூட்டன். பரோட்டாக்காரன் மாவை வீசி வீசிக் காகிதமாக்குறானே, அதுல பாதி அவன் கைத்தொழில், பாதி குளூட்டன் போட்ட பிச்சை. கம்பு மாவைக் குடுத்து வீசச் சொல்லு, கல்லைக் கவுத்து வச்சிட்டு ஊருக்குப் போயிருவான். கோதுமை, பார்லி, ரை இந்த மூணுலயும்தான் வம்பு. அரிசி, சோளம், கம்பு, கேப்பை, மரவள்ளி எதுலயும் அது கெடையாது. நீ என்ன பண்ணியிருக்க? அரிசி மாவைக் கையில வச்சுக்கிட்டு, மைதாவுக்கு எழுதின பக்குவத்தை அப்பிடியே நடத்தியிருக்க. 'மூத்தவ மாதிரி நீயும் இரு'ன்னு சொல்ற மாமியா கையில எந்த இளைய மருமக உருப்பட்டிருக்கா? அவளுக்குன்னு ஒரு குணம் இருக்கும்ல, அதைத் தெரிஞ்சுக்கிட்டு வேலை வாங்கணும்.

குணத்தைச் சொல்றதுக்கு முன்னாடி நோயைச் சொல்லிடுறேன். ஏன்னா உன் பை எதுக்குன்னே தெரியாம நீ மாவைப் பிசைஞ்சு புண்ணியம் இல்ல.

சீலியாக்னா வெறும் வயித்து உப்புசம்னு நெனைச்சிராத. குளூட்டன் உள்ள போனா அந்த உடம்பு தன் சிறுகுடலையே தாக்கும். உள்சுவர்ல சத்தை வாங்குற குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போகும். தின்னது உடம்புல ஒட்டாது. ரத்தசோகை வரும், எலும்பு வலு குறையும், சின்னப் புள்ளைகளுக்கு வளர்த்தி நின்னு போகும். உலகத்துல நூத்துல ஒருத்தருக்கு இருக்கும்ங்கிறாக. நம்ம தேசத்துல சப்பாத்தி தின்னுற வடக்கே கூடுதல், சோறு தின்னுற தெக்கே கம்மி. மாத்திரை போட்டுத் தீர்ற நோயில்ல. ஆயுசு பூரா பத்தியம் ஒண்ணுதான் மருந்து.

இந்தச் சங்கதியைக் கண்டுபிடிக்க டாக்டர்மாருக்கே ரொம்ப காலம் ஆச்சு. அமெரிக்காவுல சிட்னி ஹாஸ்னு ஒருத்தர் 1924ல சீலியாக் புள்ளைகளுக்கு வாழைப்பழப் பத்தியம் குடுத்தாரு. பழத்தைக் குடுக்கும்போதே ரொட்டியையும் நிறுத்தினாரு. புள்ளைக தேறினதும் எல்லாரும் வாழைப்பழத்தைக் கும்பிட்டாக. ரொட்டியை ஒருத்தரும் சந்தேகப்படலை. நெதர்லாந்துல வில்லெம் கரெல் டிக்கெங்கிற குழந்தை மருத்துவருக்குத்தான் கோதுமை மேல கண்ணு விழுந்துச்சு. 1944-45 குளிர்காலத்துல ஜெர்மன்காரன் முற்றுகையில அந்த நாட்டுல பெரும் பஞ்சம். ரொட்டியே கெடையாது. ஊர்ச் சனம் எலும்பும் தோலுமாத் திரியுது, இவர்கிட்ட இருந்த சீலியாக் புள்ளைக மட்டும் தேறுது! சண்டை ஓய்ஞ்சு ரொட்டி வந்ததும் மறுபடி படுத்துருச்சுக. 1950ல அதை ஆராய்ச்சியாவே எழுதி வச்சாரு. பஞ்சத்துல பொழைச்ச புள்ளைகன்னு கேள்விப்பட்டிருக்கியா? இதுகதான்.

அந்த இன்ஸ்டாகிராம் தம்பிக்கும் ஒரு வார்த்தை. சீலியாக் இல்லாமலே கோதுமை தின்னா வயிறு படுத்துற ஆளுக இருக்காக, அவுகளைக் கேலி பண்ணக் கூடாது. ஆனா உடம்பு எளைக்கும்னு கோதுமையை விட்டுட்டு, வெண்ணெயும் சீனியும் முட்டையும் மணக்க மணக்க ரெண்டு துண்டு பை தின்னுறவனைக் கேலி பண்ணாம வேற யாரைப் பண்றது? உண்மையிலயே சந்தேகம்னா முதல்ல ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லு. அதுக்கு முன்னாடியே கோதுமையை நிறுத்திட்டுப் போனா பரிசோதனையில நோய் பிடிபடாமப் போயிரும்.

இப்ப மாவுக்கு வா. கடையில 'குளூட்டன் ஃப்ரீ'ன்னு பளபளப்பா ஒரு பாக்கெட் வாங்கினியே, அதைத் திருப்பிப் பின்னால படி. அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச். சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில கிழங்கை அரைச்சுப் பாலெடுத்துக் காயப்போடுறானே, அதே மரவள்ளிதான். சில பாக்கெட்டுல சோள மாவும் இருக்கும். மக்காச்சோளத்தைச் சொல்லலை, நம்ம வெள்ளைச்சோளம். உலகத்துலயே அதிகமா அந்தச் சோளம் வெளையுறது அமெரிக்காவுலதான். கான்சாஸும் உன் டெக்சாஸும் அதுல முன்னால நிக்குது. இம்புட்டு நாளும் பெரும்பாலும் மாட்டுக்கும் பன்னிக்கும் கோழிக்கும் போட்டாக. இங்க கரிசக்காட்டுல சோளச்சோறு தின்னவனை வீட்டுக்குள்ள விடவே யோசிச்சாக. இன்னைக்கு அதே சோளம் கண்ணாடி அலமாரியில உக்காந்துக்கிட்டு டாலர் கேக்குது. காலம் மாறும்னு பெரியவுக சொன்னப்ப நான் நம்பலை.

வலை இல்லாத மாவை ஒட்ட வைக்க ஒரு பசை வேணும்ல? அதுக்கு சாந்தன் கம்னு ஒரு பொடி. இல்லினாய் மாநிலம் பியோரியாவுல இருக்கிற அமெரிக்க வேளாண்துறை ஆய்வுக்கூடத்துல அலீன் ஜீன்ஸ்ங்கிற அம்மாவும் கூட வேலை பாத்தவுகளும் உருவாக்கினது. முட்டைக்கோசுல கருப்பு அழுகல் நோய் வரும்ல, அந்தக் கிருமிக்கு இனிப்புத் தண்ணியைக் குடுத்து வளத்தா அது பசையாக் கக்கும். அதைக் காயவச்சுப் பொடியாக்கி, 1969ல உணவுல சேக்கலாம்னு அரசாங்க அனுமதியும் வாங்கிட்டாக. நம்ம காட்டுல அந்த நோய் வந்தா கோசைப் பிடுங்கி எறிஞ்சிட்டு வட்டிக்கடைக்குப் போவோம். அவன் நோயைத் தனியாப் பிடிச்சு வளத்து வித்துட்டான். அதான் அவன் அமெரிக்கா, நான் திண்ணை.

அரை டீஸ்பூன் போதும். கூடினா ஓடு ரப்பராயிரும். பாக்கெட்டுலயே அது கலந்திருந்தா நீ மறுபடி போடாத.

அது வேணாம்னா இசப்கோல் போடுறாக. ஆமா தாயி, அதேதான். குஜராத்துல வெளையுது, உன் தாத்தன் ராத்திரி வெந்நீர்ல கலக்கிக் குடிச்சிட்டுக் காலையில நிம்மதியா வெளிய வர்ற சமாசாரம். விருந்துப் பைக்குள்ள அதைப் போடுறாகன்னு கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடங்கலை. அப்புறம் யோசிச்சா நியாயம்தான். தண்ணி பட்டா ஊறி வழுவழுன்னு கெட்டிப்படுற குணம் வயித்துக்குள்ள மட்டுமா வேலை செய்யும்?

இப்ப அளவு சொல்றேன், எழுதிக்க. கப்பு, கைப்பிடி எல்லாம் வேணாம்; ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு கனம். தராசை எடு. ஒம்பது அங்குலத் தட்டுக்கு நைசான அரிசி மாவு 100 கிராம், சோள மாவு 40 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 40 கிராம். உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மி, சீனி ஒரு டேபிள்ஸ்பூன், சாந்தன் கம் அரை டீஸ்பூன். குளுந்த வெண்ணெய் 100 கிராம், முட்டை ஒண்ணு, வினிகர் ரெண்டு டீஸ்பூன். ஐஸ் தண்ணி பக்கத்துல இருக்கட்டும், தேவைப்பட்டா ஒரு ஸ்பூன், ரெண்டு ஸ்பூன்.

நைசான அரிசி மாவுன்னு ஏன் சொல்றேன்? கரகரப்பான மாவுல ஓடு செஞ்சா பல்லுல மண்ணு நெருடும். உங்க அப்பத்தா அதிரசத்துக்கு அரிசியை ஊற வச்சு, நிழல்ல உலத்தி, கையில ஈரம் ஒட்டும்போதே உரல்ல போடுவா. இடிச்சுச் சலிச்சு, சல்லடையில நிக்கிற குருணையை மறுபடியும் உரல்ல தள்ளுவா. நான் திண்ணையில இருந்து 'போதும்ல'ன்னா, 'தின்னும்போது தெரியும்'பா. உனக்கு உரல் வேணாம். பாக்கெட்டுல நைசா அரைச்சதான்னு பாத்து வாங்கு, போதும்.

பொடியெல்லாம் கலந்துக்க. வெண்ணெயைச் சின்னச் சின்னதா நறுக்கிப் போட்டு விரல் நுனியால நசுக்கு. முழுசாக் கரைச்சிராத, அங்கங்க மொச்சை அளவுக்குத் துண்டு நிக்கணும். அடுப்புக்குள்ள அந்த வெண்ணெய் உருகி, அதுல இருக்கிற தண்ணி ஆவியாகிக் கிளம்பும்போதுதான் ஓடு அடுக்கடுக்காப் பிரியும். இந்த விசயத்துல கோதுமைக்கும் அரிசிக்கும் சண்டை இல்ல. முட்டையையும் வினிகரையும் அடிச்சு ஊத்து. ஒரு பிடி பிடிச்சா பிடி உடையாம நிக்கணும், அதுதான் பதம். நிக்கலைன்னா ஐஸ் தண்ணி தெளி.

உருண்டையாத் திரட்டித் தட்டையா அமுக்கி, மூடி, ஃபிரிட்ஜுல ஒரு மணி நேரம் வை. அரிசி மாவு தண்ணியை மெதுவாத்தான் குடிக்கும். அது குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ கட்டையைத் தூக்கியிருக்க, அதான் விரிசல். உங்க தலைமுறைக்கு எல்லாத்துலயும் அவசரம். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்றதுக்கு மட்டும் பத்து வருசம்.

எடுத்த உடனே கல்லு மாதிரி இருந்தா அஞ்சு நிமிசம் வெளிய வை. ரெண்டு பேக்கிங் தாளுக்கு நடுவுல வச்சு உருட்டு. மேல் தாளை உரிச்சிட்டு, அடித் தாளோட தூக்கித் தட்டுல கவுத்துப் போடு. கிழிஞ்சா? கிழியட்டும்! பிச்சு ஒட்டு. இங்கதான் சூட்சுமம் இருக்கு, காதைக் கிட்டக் கொண்டு வா. மைதா மாவை ரெண்டாந்தரம் மூணாந்தரம் திரட்டித் தேச்சா முறைச்சுக்கும். சுட்டா விறைக்கும், ஓரமெல்லாம் உள்ள சுருங்கும். எல்லாம் அந்த வலை பண்ற இழுவை. வலையே இல்லாத மாவுக்கு முறைக்கத் தெரியாது. வெண்ணெய் உருகாத வரைக்கும் எத்தனை தரம் வேணாலும் திரட்டு, ஒட்டுப் போடு, கோவிச்சுக்காது. சுருங்குறதும் கம்மி. எதைக் குறைன்னு அழுதியோ அதுதான் தாயி உனக்கு வசதி.

இன்னும் சொல்லப் போனா உருட்டவே வேணாம். மாவைத் தட்டுலயே போட்டு விரலால அமுக்கிப் பரப்பு. அப்பத்தா தட்டை தட்டும்போது எந்தக் கட்டையைத் தேடினா? ஓரத்தை முள்கரண்டியால அமுக்கிவிட்டா அதுவே அலங்காரம். மேல பின்னல் போட ஆசைப்படாத. அது மைதா பண்ற வித்தை. பின்னலைப் புள்ளை தலையில போடு. மிச்ச மாவை இலை, நட்சத்திரம்னு வெட்டிச் சுட்டு மேல வை, பாக்குறவுக வேணும்னே செஞ்சதுன்னு நெனைப்பாக.

பூசணிக் கலவை தளதளன்னு இருக்கும். பச்சை மாவுல ஊத்தினா அடி நைஞ்சு போகும். அதனால ஓட்டை முதல்ல தனியாச் சுடணும். மாவு மேல ஒரு தாளை விரிச்சு, பொங்காம இருக்கப் பாரம் வைக்கணும். அவுக பாரத்துக்கு என்ன கொட்டுறாக தெரியுமா? காஞ்ச மொச்சை, பயறு, அரிசி! இந்தா, அப்பத்தா இருமுறா. ஏய், நான் தப்பாச் சொல்லலை, நெசமாவே அப்பிடித்தான் செய்றாக. அந்தப் பயறை ஆறவச்சு டப்பாவுல போட்டு வருசா வருசம் அதையே பாரத்துக்கு வச்சுக்குவாகளாம். 'அப்ப ஆக்கித் திங்கவே மாட்டாகளா?'ன்னு கேக்குறா. மாட்டாக. 'நல்ல பயறைப் பாரம் தூக்க விட்டுட்டு டப்பாவுல அடைச்ச பயறைக் காசு குடுத்து வாங்குவாகளோ'ன்னு கேக்குறா. பதில் உன்கிட்ட இருந்தா சொல்லு.

அடுப்பு ஃபாரன்ஹீட்ல 400, அதாவது 200 டிகிரி செல்சியஸ். பாரத்தோட ஒரு கால் மணி நேரம், இருபது நிமிசம். பாரத்தை எடுத்துட்டு இன்னும் அஞ்சாறு நிமிசம், அடி காயுற வரைக்கும். சுட்ட ஓட்டுல முட்டை வெள்ளையைத் தடவி ரெண்டு நிமிசம் உள்ள வச்சு எடுத்தா ஈரம் இறங்காது. இந்த மாவு சீக்கிரம் செவக்காது. ஓரத்துல முட்டையோ பாலோ தடவிவிடு. அப்புறம் கலவையை ஊத்தி 350ல வச்சு, நடு மட்டும் லேசா ஆடும்போதே வெளிய எடு. ஆறும்போது தன்னால கெட்டிப்படும். பட்டை, கிராம்பு, இஞ்சி, ஜாதிக்காய் எல்லாம் நீ போடுற கைதான், அதுல தாத்தன் தலையிடலை.

இதுவும் வரலைன்னா? நம்ம கொழுக்கட்டை மேல்மாவு இருக்கே. கொதிக்கிற தண்ணி பட்டதும் அரிசியில இருக்கிற ஸ்டார்ச் வீங்கிக் குழைஞ்சு தானே பசையாயிரும். கோசுக் கிருமியும் வேணாம், இசப்கோலும் வேணாம். இங்கிலாந்துல மெல்டன் மோப்ரேங்கிற ஊர்ப் பன்னிக்கறிப் பைக்கும் வெந்நீர்லதான் மாவு பிசையுறாக. என்ன, அது கோதுமை மாவு. ஆனா ரொம்பப் பீத்திக்காத. வெந்நீர் ஊத்தினா வெண்ணெய் உருகிரும், அடுக்கு வராது. ஓடு கெட்டியா நிக்கும், அம்புட்டுத்தான். கறிப் பைக்கு, காய்கறிப் பைக்குச் சரி. பூசணிப் பைக்கு என் கொழுக்கட்டை மாவு வேணாம்னு அப்பத்தாளே சொல்லிட்டா.

சோம்பேறிக்கும் ஒரு வழி இருக்கு. பீக்கான் கொட்டை. உன் டெக்சாஸுக்கு அதுதான் மாநில மரம், 1919ல இருந்து. 2013ல பீக்கான் பையை மாநிலப் பையாவே அறிவிச்சிட்டாக. நம்ம சட்டசபையில இன்னும் அதிரசத்துக்கு ஒரு தீர்மானம் வரலை. 200 கிராம் பீக்கானை மிக்ஸியில விட்டு விட்டு ஓட்டு. ஒரேயடியா ஓட்டினா எண்ணெய் கக்கிரும். உருக்கின வெண்ணெய் மூணு டேபிள்ஸ்பூன், சீனி ரெண்டு, சிட்டிகை உப்பு சேத்துத் தட்டுல அமுக்கி 350ல பத்துப் பன்னிரெண்டு நிமிசம் சுடு. உருட்டலும் இல்ல, ஒட்டலும் இல்ல. விருந்தாளிக்குக் கொட்டை ஆகுமான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்க.

இம்புட்டையும் கேட்டுட்டு உங்க தமிழ்ச் சங்கத்து ஆளுக மார் தட்டுவாக: 'நம்ம முன்னோர் அப்பவே குளூட்டன் ஃப்ரீ!'ன்னு. இட்லி சரி. சாம்பார்? கடையில விக்கிற பெருங்காயத்தைத் திருப்பிப் படி. நிறைய டப்பாவுல கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். காலையில ரவா தோசை, புள்ளைக்கு ஹார்லிக்ஸ், அதுல பார்லியும் கோதுமையும். பண்டிகைக்கு சேமியாப் பாயசம். பகல் பூரா முன்னோர் பெருமை, பொழுது சாஞ்சா பரோட்டா சால்னா. உன் சிநேகிதி சாம்பார் கேட்டா பெருங்காய டப்பாவைப் படிச்சிட்டு ஊத்து.

முன்னோரைப் பாராட்டணும்னா நம்ம ஊரு மாவு மில்லுல நிக்கிற பொம்பளைகளைப் பாராட்டு. வரிசையில நின்னு, தன் முறை வந்ததும் மில்லுக்காரன்கிட்ட முதல்ல என்ன கேப்பா? 'எனக்கு முன்னால என்ன அரைச்ச?' முன்னால கோதுமை போயிருந்தா, மிஷின்லயும் துணிக்குழாய்லயும் ஒட்டினது அவ அரிசி மாவோட வந்து விழும். விவரமானவ ரெண்டு கை அரிசியைப் போட்டு ஓட விட்டு, அதை ஒதுக்கிட்டுத்தான் தன் தூக்குவாளியை வைப்பா. அவளுக்கு சீலியாக் தெரியாது. ஒருத்தி மாவு இன்னொருத்தி மாவுல கலக்கும்ங்கிறது தெரியும். சீலியாக்காரிக்கு அந்த ரெண்டு கை ஒதுக்கினாலும் போதாது. குளூட்டன் ஃப்ரீன்னு எழுதுறதுக்கு 2013ல அமெரிக்க உணவுத்துறை ஒரு வரம்பு வச்சிச்சு: ஒரு கிலோவுல 20 மில்லிகிராமுக்கும் கம்மியா இருக்கணும். நீ எடுக்கிற ஒரு சிட்டிகை உப்பே அதைவிடப் பல மடங்கு கனம். அதனால சாக்குல இருந்து அள்ளிக் குடுக்கிற அரிசி மாவு வேணாம். அந்த முத்திரை இருக்கிற பாக்கெட் வாங்கு. விலையைச் சொல்லி நான் இம்புட்டு நேரம் கேலி பண்ணினேனே, இந்த ஒரு காரணத்துக்காக அந்த விலையைக் குடுக்கலாம்.

வீட்டுலயும் அதே கேள்விதான்: இந்த மேடையில முன்னால என்ன பிசைஞ்ச? மைதா தூசி கொஞ்ச நேரம் காத்துல மிதந்து அப்புறம்தான் இறங்கும். அதனால முதல்ல இவளுக்கான பையைச் செஞ்சு, மூடி வச்சிட்டு, அப்புறம் மத்ததைத் தொடு. மரக்கரண்டி, மர உருட்டுக்கட்டை, சல்லடை மூணையும் நம்பாத. இடுக்குல பழைய மாவு ஒளிஞ்சிருக்கும். ரொட்டியில தடவின கத்தியை முக்கின வெண்ணெய் டப்பா வேணாம், புது வெண்ணெயைப் பிரி. வான்கோழி வயித்துல அடைக்கிறது ரொட்டித் துண்டு, அதோட குழம்பைக் கெட்டியாக்குறது மைதா. ரெண்டும் இவ தட்டுப் பக்கம் வரக் கூடாது. 'அடுப்புச் சூட்டுல எல்லாம் செத்துரும்'னு எவனாச்சும் சொல்லுவான். குளூட்டன் கிருமியா சாகுறதுக்கு? புரதம். எம்புட்டுச் சுட்டாலும் அது இருக்கும்.

கடைசியா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனை வைக்கிறேன், அப்பத்தா கஞ்சியைக் காட்டிக் காட்டிக் கூப்பிடுறா. ஓடு வெடிச்சா மேல க்ரீமைப் போட்டு மூடு. வெட்டும்போது உதிர்ந்தா 'எங்க ஊர்ப் பக்குவம்'னு சொல்லு, பாதிப் பேரு நம்பிருவாக, மீதிப் பேரு செய்முறை கேப்பாக. மைதா ஒட்டின கரண்டியை எந்தக் க்ரீமும் மூடாது. அவ சிரிச்ச முகமாத் தின்னுட்டுப் போயி, வீட்டுல வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கெடப்பா. மரியாதைக்கு உன்கிட்டச் சொல்லவும் மாட்டா. அதனால கூச்சப்படாம வாங்கின பாக்கெட்டையெல்லாம் எடுத்து அவ முன்னால வை, அவளே படிச்சுப் பாக்கட்டும். யாரு வேணாம்னு சொன்னாலும் 'ஆகாதா, பிடிக்காதா?'ன்னு முகத்துக்கு நேராக் கேளு. ஆகாதவளுக்குத் தனிக் கத்தி, தனித் தட்டு, முதல் துண்டு. பிடிக்காதவனுக்கு மிச்சம் இருந்தாக் குடு.